இறங்காத ரத்தம்

குழாயில் ரத்தம் மளமளவென்று இறங்கியிருந்தது. மேலே முக்கால்வாசி வெறும் மஞ்சள் தண்ணீர், அடியில் சிவப்பு ஒடுங்கிக் கிடந்தது. ரூக்சார் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். ஒட்டியிருந்த காகிதத்தில் அவள் கையெழுத்திலேயே முதாசிர் என்று இருந்தது. புருஷன் பெயர்தான். ஆனால் உள்ளே இருந்தது அவளுடைய ரத்தம்.

பம்மல் மெயின் ரோட்டில் லாசரஸ் அண்ணனின் லேபில் இத்தனை வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உறையாமலிருக்க மருந்து கலந்து, நீளக் குழாயில் ஒரு மணி நேரம் ஆடாமல் நிறுத்தினால், நல்ல உடம்பின் ரத்தம் கொஞ்சமாக இறங்கும். நோய் உள்ளே எரிய எரிய வேகமாக விழும். முதாசிருக்குக் கிட்னியில் வந்த புற்று நுரையீரல் வரை போயிருந்தது. "ரத்தத்துல இந்த இன்ஃப்ளமேஷன் நம்பர் இவ்ளோ இருந்தா புது மாத்திரை குடுத்தும் பிரயோஜனம் இல்லம்மா. நம்பர் கொறையட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார் ஆஸ்பத்திரி டாக்டர். எங்கே குறையப் போகிறது? பைத்தியக்காரி, தன் கையில் ஊசியைக் குத்தி எடுத்து அவன் பெயரை ஒட்டினாள். ரிப்போர்ட் அழகாக வந்தது. மாத்திரையும் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமையே முதாசிர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அவள் ரத்தம்தான். ஒவ்வொரு தடவையும் குழாயில் கொஞ்சம் அதிகமாக இறங்கியது. சளிக் காய்ச்சலாக இருக்கும், சரியாகச் சாப்பிடாததாக இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரிப்போர்ட்டில் பழைய நம்பரையே எழுதி வந்தாள். இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கறுப்புக் கண்ணாடித் தகட்டில் அந்த மஞ்சள் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, பால் மாதிரியான மருந்தைக் கலந்து ஆட்டிப் பார்த்தாள். திரிந்த பாலாகக் கட்டி கட்டியாகப் பிரிந்தது; அதுவும் நோய் என்றுதான் சொன்னது. கரண்ட் போயிற்று. ஃபேன் மெதுவாக நின்றது. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வந்த வெளிச்சத்தில் அந்த மஞ்சள் தண்ணீர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

லாசரஸ் அண்ணன் பின்னால் வந்து நின்று குழாயைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மச்சானுக்கு நம்பர் மறுபடி ஏறிடுச்சா? இவ்ளோ ஏறினா ரொம்ப நாள் தாங்காதும்மா. மனச தேத்திக்கோ."

"சரிண்ணா" என்றாள். அவள் சாவுக்கு அவளிடமே துக்கம் விசாரிக்கிறார் மனுஷன். மனசின் ஒரு மூலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. நான் போய் அவர் இருந்தால் இருக்கட்டுமே.

இருந்தாலும் ஒரு தடவை அவன் ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டாண்டையும் ஒரு குழாயையும், ஊசி, ரப்பர் பட்டை, உறையாத மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் மழையில் கனத்துக் கிடந்த சந்து வழியாக, நாலு தடவை மூச்சு வாங்க நின்று நின்று வீடு வந்தாள்.

முதாசிர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. "ரொம்ப வாடிப்போயிட்டியே" என்று டம்ளரை நீட்டினான். டாக்டர் ரத்தம் கேட்டார் என்று பொய் சொல்லி ஊசியை எடுத்தாள். அவன் கையை நீட்டினான். ஜன்னலோரம் ஸ்டாண்டை வைத்து, மருந்து கலந்த அவன் ரத்தத்தைக் குழாயில் நிறுத்தினாள்.

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு சொல்லி, தொழுகை முடிந்து, தெருவில் செருப்புச் சத்தம் வந்து அடங்கியது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

ரத்தம் இறங்கவில்லை.

ஒரு கோடுகூட இல்லை. குழாயின் வாய் வரைக்கும் சிவப்பு. குழந்தை ரத்தம்கூடக் கொஞ்சம் இறங்கும். உயிருள்ள எந்த ரத்தமும் இறங்கும்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. நாடியைத் தேடினாள். இல்லை. விரலை மாற்றி வைத்தாள். இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள். மழைச் சத்தம் கேட்டது. தன் இதயம் அடிப்பது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"மச்சான்."

அவன் அவள் தலையைத் தடவினான். எப்போதும் தடவுகிற மாதிரியேதான்.

"நான் உயிரோட இல்லேன்னு அந்த வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ரூக்சார். நீ தாங்கமாட்டேன்னு சொல்லல."

அவளுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. அந்தக் கை தலையை விட்டுப் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது.

"போறேன்னுதான் தினமும் நெனைக்கிறேன். உன்ன விட்டுட்டுப் போக முடியல. உன் ரத்தம் என் பேர்ல இருக்கிற வரைக்கும் இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது வழிய வழிய அவள் பையைத் திறந்து ரப்பர் பட்டையை எடுத்தான். வலிக்கக் கூடாதென்று அவள் சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டி, முழங்கைக்கு மேல் சுற்றிக் கட்டினான்.

ரூக்சார் விரல்களை மடக்கி அவனுக்காகக் கையை இறுக்கினாள்.