பக்கக் கன்று

செடி என்றால் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் சாயும். மீன்தொட்டியிலிருந்த மற்றச் செடிகள் எல்லாம் மேலே எரிந்த விளக்கைப் பார்த்து ஒழுங்காகத்தான் நின்றன. கடைசியாக வாங்கி வந்த பழுப்பு இலைச் செடி மட்டும், விளக்கை ஒரு பொருட்டாகவே நினைக்காமல், முன்கண்ணாடியில் இலைகளை ஒட்டவைத்துக்கொண்டு, கூடத்துக்கு அந்தப் பக்கம் திறந்திருந்த அறையை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த அறையில் அவனுடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஓட்டம்தான் தள்ளுகிறது என்று நினைத்து ஃபில்டரின் வாயைத் திருப்பி வைத்தான். மறுநாளும் செடி அப்படியேதான் இருந்தது.

அவனுக்குப் பல்செட் செய்யும் வேலை. வரிசையில் ஒரு பல் மயிரிழை விலகி நின்றாலும் அவன் கண்ணை உறுத்தும். வீட்டில் அந்த நமைச்சல் முழுவதும் தொட்டியின் மேல்தான். விடுமுறை வந்தால் போதும், முழங்கை வரை தண்ணீரில் விட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் நட்டு, இடது மூலையில் இருப்பதை வலது மூலைக்குக் கொண்டு போவான். "அதுங்களுக்குக் கால் இருந்தா எப்பவோ வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கும்" என்பாள் மனைவி. அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த செடியைப் பிடுங்குவான்.

பழுப்புச் செடியில் மட்டும் கை வைக்காமல் இருந்தான். விற்கும்போதே வண்ணமீன் கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

"இது கொஞ்சம் ரோஷக்காரச் செடி சார். வச்ச இடத்துல விட்டுடுங்க. பிடுங்கி இடம் மாத்தினா இலை எல்லாம் கரைஞ்சு கூழாயிடும்."

"செத்துடுமா?"

"சாகாது. அடியில வேர் இருந்தா திரும்பத் துளிர்க்கும். ஆனா பழைய இலை மாதிரி வராது, வேற மாதிரி வரும். நல்லா பிடிச்சுக்கிச்சுன்னா பக்கத்துலயே கன்னும் போடும்."

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். தொட்டியில் அத்தனை மீன்கள் இருக்க, அவளுக்கு அந்தச் செடியைத்தான் பிடித்திருந்தது.

"அப்பா, அது என்னையே பாக்குது."

"செடிக்குக் கண்ணு ஏதும்மா?"

"தெரியல. ஆனா பாக்குது."

சொல்லிவிட்டு அவள் பால் குடிக்கப் போய்விட்டாள். அவன் தொட்டிமுன் குனிந்து அந்த இலைகளையே பார்த்தான். அன்று மாலை வேண்டுமென்றே அவளைக் கூடத்தின் எதிர்மூலையில் உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதச் சொன்னான். அவள் எழுதி முடிப்பதற்குள் அந்த இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விடுபட்டு, மெல்ல, மிக மெல்ல, எதிர்மூலைப் பக்கம் திரும்பியிருந்தன.

பெற்ற மனசு. அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

விடுமுறை நாள் சாயங்காலம், மழை பெய்து கூடம் இருட்டிக் கிடந்தது. மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசையும், ஃபில்டர் தண்ணீரை மென்று துப்பிக்கொண்டிருக்கும் ஓசையும் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. சிட்டு மதியம் படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் நீள இடுக்கியைத் தண்ணீருக்குள் இறக்கிச் செடியின் அடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இடுக்கியை வைத்துவிட்டுக் கையாலேயே பிடித்தான். மண்ணுக்குள் ஏதோ பதிலுக்கு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுத்தபோது, மண் பிளந்து, கருஞ்சேறு புகையாக எழுந்து, குமிழிகள் மேலே வந்து உடைந்து, அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுவதும் பரவியது.

அதே நேரம் அறைக்குள்ளிருந்து மகள் அலறினாள்.

"கனவு ஏதாவது கண்டியா?" என்று மனைவி ஈரக்கையோடு ஓடி வந்து கேட்டாள்.

"யாரோ காலப் பிடிச்சு இழுத்தாங்கம்மா."

அவன் செடியைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றான். முடிபோல் அடர்ந்த வெள்ளை வேர்களிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. தூக்கி எறியத்தான் எடுத்தான். அந்த அலறலைக் கேட்ட பிறகு எறியப் பயமாக இருந்தது. தொட்டியின் பின்மூலையில், மரக்கட்டைக்குப் பின்னால், அறை தெரியாத இடத்தில் அழுத்தி நட்டான்.

மறுநாளே இலைகளில் ஓட்டை விழுந்தது. பிறகு கண்ணாடிபோல் நிறமிழந்து, வழவழத்து, நூல் நூலாகத் தண்ணீரில் பிரிந்தன. சிட்டு பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. பலவீனம் என்று சொல்லி மருத்துவர் டானிக் எழுதிக் கொடுத்தார். மனைவி விரிப்பை மாற்ற மாற்ற அது நனைந்தது. "இவ்வளவு வேர்வை எங்கேருந்து வருது?" என்று புலம்பினாள். அது வேர்வை இல்லை. அவன் முகர்ந்து பார்த்திருந்தான். தொட்டித் தண்ணீரின் வாடை. மகளைத் தூக்கியபோது எடையே இல்லை. அவள் கையில் அவன் விரல் பதிந்த குழி பதிந்தபடியே இருந்தது.

வெளியே போய் நின்று கடைக்காரருக்குப் போன் செய்தான்.

"இடம் மாத்திட்டேன். கரையுது."

"வேர் இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? மறுபடி தொடாதீங்க. தானா வரும்."

"எது வரும்?" என்று கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவன் தொட்டியைத் தொடவில்லை. கை துடித்தது, தொடவில்லை. கடைசி இலையும் போய் வெறும் தண்டு மட்டும் நின்ற அன்று மகள் கண் திறக்கவே இல்லை. ஒரு பாழாய்ப்போன செடிமுன் கைகூப்பி அழுதான்.

பிறகொரு காலையில் தண்டின் நுனியில் ஒரு துளிர். பழுப்பு இல்லை. வெளிர் பச்சை.

"அம்மா, தண்ணி" என்றது மகளின் குரல். ஒரு சொம்பு குடித்தாள். இன்னொன்று கேட்டாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு சிரித்து அழுதாள். அவனும்தான். போன உயிர் திரும்பி வந்தது. சிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் அழுகை நின்றது.

அவளுக்கு முன்பல் விழுந்து இடைவெளி இருந்தது. பக்கத்துப் பல் கோணல். அந்த வாயை அவனுக்குத் தன் உள்ளங்கையைப்போல் தெரியும். இப்போது இடைவெளி இல்லை. கோணல் இல்லை. எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், அவன் மேசையில் அடுக்கி வைத்ததைப்போல் நேராக நின்றன.

"விழுந்த பல்லு முளைக்காம இருக்குமா? சந்தோஷப்படுங்க" என்றாள் மனைவி.

சந்தோஷப்படத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மகள் கண் சிமிட்டுகிறாளா என்று.

மேகம் மூடிய ஒரு காலை. தொட்டி விளக்கு தானாக எரியும் நேரம் இன்னும் ஆகவில்லை.

"சிட்டுவ எழுப்புங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

தொட்டியைக் கடக்கும்போது கால் நின்றது. பின்மூலைச் செடி மரக்கட்டையை வளைந்து சுற்றி வெளியே எட்டிப் பார்த்தது. அது போதாதென்று, முன்கண்ணாடி ஓரம், அவன் பிடுங்கிய அதே இடத்தில், மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு குட்டிக் கன்று. அடியிலேயே வேரோடி வந்திருக்கிறது. நேற்று இல்லை. இரண்டும் அறைப் பக்கம் சாய்ந்திருந்தன.

கதவைத் தள்ளினான்.

ஈர வாடை. சன்னல் மூடியிருந்தது. போர்வை தலைவரை இழுத்து மூடியிருந்தது. ஓரத்தில் இரண்டு பாதங்கள் வெளியே தெரிந்தன. சிட்டுவின் பாதங்கள்.

அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. சின்னதாக. நனைந்து.

பின்னால் கூடத்தில் தொட்டி விளக்கு தானாக எரிந்தது. வெளிச்சம் அவனைக் கடந்து கட்டில்மேல் விழுந்தது. போர்வை மெல்ல விலகி, இரண்டு முகங்கள், மெல்ல, மிக மெல்ல, வெளிச்சத்தின் பக்கம் திரும்பின.

இரண்டும் சிரித்தன. சின்னதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை.