இருபத்திரண்டு மூச்சு

திரையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய ஆக்சிஜன் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லோர்னா தன் கண்களைத்தான் முதலில் சந்தேகித்தாள். எண்ணிப் பார்த்தாள். நிமிடத்துக்கு இருபத்திரண்டு முறை.

வூஸ்டர் நகரில் காலையிலிருந்து பனிப்புயல். அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை. மருந்துக்கூடத்தின் ஜன்னலில்லாத, கிருமி புகாத சுத்த அறையில் காற்று வடிகட்டிகளின் ஓயாத இரைச்சலுக்கும் ஸ்பிரிட் வாடைக்கும் நடுவே, இடுப்புயரக் கலன் ஒன்றில், ஒரு நோயாளியின் இரத்த அணுக்கள் அவருக்கே மருந்தாக வளர்ந்துகொண்டிருந்தன. கலனில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதே எண்ணை அண்ணன் அனுப்பிய படத்தில், அண்ணன் மகள், ஆறு வயது டெஸ்ஸின் ஆஸ்பத்திரி மணிக்கட்டுப் பட்டையில் அவள் பார்த்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். இன்னொரு முறை அணுக்கள் எடுக்க டெஸ்ஸின் உடம்பில் தெம்பில்லை.

ஒரு சொட்டு எடுத்துச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தாள். செத்த அணுக்கள்தான் நீலமாகும். எல்லாமே நீலம். மறுபடி எடுத்தாள். நீலம்.

சென்சார்களைப் பார்த்துக் கலனை நடத்தும் கணினி நிரலோ, தொண்ணூற்றாறு சதவீதம் உயிர் என்றது.

சுவர் போனில் கர்ட்டைக் கூப்பிட்டாள். அவன் ஷிப்ட் மேலாளர். பார்த்ததைச் சொன்னாள்.

"சென்சாரை எதை வச்சு திருத்துன?"

"நிரல் சொன்ன எண்ணை வச்சு. மூணு நாளா."

"ஏம்மா, நிரல் அந்த சென்சாரைப் பாத்துத்தானே பேசுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆமாம் போட்டுக்கிட்டு இருந்திருக்கு."

"அப்போ ஆக்சிஜனைக் குடிக்கிறது யாரு, கர்ட்?"

"ஏதோ வால்வு ஆடுது. காத்தை மூடிப் பாரு, கோடு நேராயிடும். பதினாறு மணி நேரமா நிக்கிற நீ."

அவன் சொல்வது சரியாக இருக்கலாம். தப்பாகப் பார்ப்பவள் எப்போதும் அவள்தானே.

மூடினாள்.

கோடு துள்ளியது. நாற்பது. ஐம்பது. கலனின் பார்வைக் கண்ணாடியில், உட்புறமாக, சின்னதாய் ஒரு வட்டம் ஆவி படர்ந்தது. மறைந்தது. படர்ந்தது. குழந்தையின் வாயளவு.

வால்வைத் திருகினாள். கையுறை வழுக்கியது. திறந்தாள். முழுக்கத் திறந்தாள்.

கோடு படுத்தது.

காற்று குமிழியிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. எதுவும் குடிக்கவில்லை.

சுவர் போன் அடித்தது. கர்ட்டாக இருக்கும். எண்ணைப் பார்த்தாள். அண்ணன். அவசரத்துக்கு மட்டும் என்று இந்தப் போன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள்.

அடித்தது. அடித்தது. திரையில் தொண்ணூற்றாறு சதவீதம் உயிர். கண்ணாடியில் அந்தச் சின்ன வட்டம், கலையாமல்.