கட்டையைக் கீழே போடு

நூலகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நூலகர் ஓமனா முதலில் காட்டுவது சுவரைத்தான். மகாராஜா காலத்துக் கல்லூரிக் கட்டடம். மலையாளத்து ஆடியான கர்க்கடகத்தின் மழை ஈரம் புத்தகங்களைத் தொடாமலிருக்க இரட்டைச் சுவர். நடுவே ஓர் ஆள் இறங்கும் இடைவெளி.

அன்று மத்தியானம் வந்தவள் புத்தகம் கேட்கவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஆரைக் காணணும் அம்மா?"

"உலகம்மாள்னு பேரு டீச்சரம்மா. நாங்குநேரிப் பக்கம். எம் மவ பொன்செல்வி இங்கதான் மாடித்தளம் தட்டுத வேலைக்கு வந்தா. தொண்ணூத்தாறுல."

ஓமனாவுக்கு நினைவிருந்தது. நூற்றாண்டு விழாவுக்காகப் பழைய முறையிலேயே சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் ஒரே தாளத்தில் நாள் முழுக்கத் தட்டுவார்கள். கீழே படிக்கிற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

"அவ எவன்கூடயோ ஓடிட்டான்னு கான்ட்ராக்டர் சாம்பசிவன் சொன்னாரு. ஊரும் அதத்தான் சொல்லுது. இளையவளுக்கு வந்த சம்பந்தமெல்லாம் கலைஞ்சு போச்சு. மூத்தவ ஓடலைன்னு தெரிஞ்சா போதும் தாயி."

"எனக்கு எங்ஙனெ அம்மா தெரியும்?"

சுவர் தட்டியது.

டொக் டொக்.

டொக் டொக்.

"மழை பெய்தா இப்படித்தான்," என்றாள் ஓமனா. "பழைய கட்டடம் அல்லே."

உலகம்மாள் சுவரில் காதை வைத்தாள்.

"இது தளக்கட்டை. ரெண்டு தட்டு, ஒரு மூச்சு. நானும் தட்டினவதான், எங்க வரிசைத் தாளம். எப்பருந்து கேக்கு?"

"அந்தப் பணி நடக்கும்போதே. பெண்ணுங்க எல்லாம் போன பின்னேயும் கேட்டது. சாம்பசிவன்கிட்டே கேட்டேன். சுண்ணாம்பு காயும்போது அப்படிச் சத்தம் வரும்னார்."

"சொவத்துக்குள்ள பொந்து இருக்கோ?"

"உண்டு. காற்று போக மாடியில ஒரு வாய் இருந்தது. விழாவுக்கு மந்திரி வரும்முன்னே சிமென்ட் வச்சு மூடியாச்சு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது ஓமனாவுக்கே கேட்டது.

"கையில கட்டையோட விழுந்திருக்கா," என்றாள் உலகம்மாள்.

மேலே அத்தனை கட்டைகளும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, உள்ளே தட்டிய ஒற்றைக் கட்டையை யார் பிரித்துக் கேட்டிருப்பார்கள்?

பச்சைச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. அதோடு கடுக்காய்.

உலகம்மாள் அழவில்லை. உதட்டைச் சுவரோடு வைத்தாள்.

"ஏட்டி பொன்னு. வேல முடிஞ்சிட்டு. கட்டையக் கீழ போடு."

ஓசை நின்றது.

சுவருக்குள், வெகு ஆழத்தில், ஒரு மரத்துண்டு விழுந்தது.

சுவரைத் திறக்க ஓமனா எழுதிக் கேட்டாள். பாரம்பரியக் கட்டடம், ஒரு செங்கல்லையும் அசைக்கக்கூடாது என்று பதில் வந்தது. ஓடிப்போனவள் கேஸ் என்றோ மூடியாயிற்று என்றது போலீஸ். ஊரும் நம்பவில்லை, சுவரை யார் சாட்சியாக எடுப்பார்கள்? சாம்பசிவனுக்குப் பொன்னாடை போர்த்திய படம் மட்டும் நூலக வாசலில் இன்னும் தொங்குகிறது.

மறுநாள் காலையிலேயே தட்டல் தொடங்கிவிட்டது. கூலிக்காரி, விடிந்தால் வேலைக்கு வரத்தானே வேண்டும். உலகம்மாள் அங்கேயே பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் சுவரிடம் போய் அதையே சொல்லுவாள். நிற்கும்.

போன கர்க்கடகத்தில் உலகம்மாள் செத்துப்போனாள். அன்று சாயங்காலம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். தட்டல் நிற்கவில்லை.

ஓமனா சுவருக்கு அருகே போனாள்.

"பணி தீர்ந்து மோளே," என்றாள் மெல்ல. "கட்டையைக் கீழே போடு."

ஓசை நின்றது.

கட்டை விழும் சத்தத்துக்குக் காத்திராமல் ஓமனா மூச்சை விட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

அவள் முதுகு பட்ட இடத்தில், உள்ளேயிருந்து, டொக் டொக்.