சவுந்தரநாயகத்தின் சிரிப்பு

அந்தச் சனிக்கிழமை காலை மிதுனா சிரித்தபோது, குளியலறைக்குள் இருந்த அவளுடைய கணவன் கஜீவன் தண்ணீரை நிறுத்திவிட்டு, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டான்.

ஒருவரும் வரவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மேல்தளத்தில் இருந்த அந்த வீட்டின் கதவு இரவு பூட்டியபடியே கிடந்தது. மிதுனா சாய்கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, யாரோ ஒரு விசரன் கலியாண மேடையில் வேட்டி தடக்கி விழுவதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தவன் எழும்பி ஒன்றும் நடக்காததுபோல் கும்பிட்டான். சிரிப்பு வந்துவிட்டது. கஜீவன் துவாயோடு வெளியே வந்து குசினியையும் பல்கனியையும் எட்டிப் பார்த்தான். வயதுபோன ஆம்பிளை ஒருவரின் சத்தம் கேட்டது என்றான். டிவியாக இருக்கும் என்றாள் மிதுனா. டிவி ஓடவில்லை. கீழே ரயில் ஒன்று போனது.

மிதுனா சிரிக்கிற ஆள் அல்ல. ஏதாவது மட்டமாகத் தெரிந்தால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு விடுவாள். உலகத்தில் மட்டமானவை நிறைய இருந்தபடியால் நாள் முழுக்க அந்த மூச்சை விட்டுக்கொண்டே இருப்பாள். ழகரத்தை விழுங்கும் செய்தி வாசிப்பாளர்கள், பெயர்ப்பலகைகளில் ஒற்றெழுத்தைத் தின்னும் கடைக்காரர்கள், தமிழ் என்று நினைத்து வேறு எதையோ பேசும் அறிவிப்பாளர்கள், மாமியாரின் சாம்பார், கஜீவனின் சட்டைகள். குரல்தான் அவளுடைய தொழில். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் ஏற்றும் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைக் காலி வீதியில் ஒரு கடைக்கு மேலே நடத்திவந்தாள். கொழும்பில் தமிழில் வாய் திறக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான் என்பதும், அவர்களில் அரைவாசிப்பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள் என்பதும் அவளுடைய கணிப்பு.

மழைக்காலத் தொடக்கத்தில் சிறுபிள்ளைகளுக்கான கார்ட்டூன் ஒன்று வந்தது. அதில் கடலடி அரசன் ஒருவன் வில்லன். அவன் முகத்தைக் காட்டமாட்டான். கதை முழுக்கச் சிரிப்பாகத்தான் வருவான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பிள்ளைகள் போர்வைக்குள் போக வேண்டும் என்று சானல்காரர்கள் கேட்டிருந்தார்கள். சிரிக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவன் சென்னைப் படத்து வில்லனை அப்படியே இறக்கிவைத்தான். பாடசாலைத் தமிழ்த்தின நாடகத்தில் பரிசு வாங்கிய வங்கி முகாமையாளர் ஒருவர் அடைப்பெடுத்த குழாயைப்போலக் கொப்பளித்தார். வானொலிக்காரன் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் பெண்பிள்ளையைப்போலக் கெக்கலித்தான். மிதுனா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில், ஒலிப்பதிவாளன் ஜாபிர்தான் தனக்குத் தெரிந்த ஓர் அங்கிளைக் கூட்டிவந்தான். பெயர் சவுந்தரநாயகம். கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். தவக்காலத்தில் மாதா கோயில் வளவில் நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில் கொடுங்கோல் அரசனின் வேஷம் கனகாலமாக அவருக்குத்தான். மெலிந்து, குள்ளமாக, சாப்பாட்டுப் பையோடு வந்து, இருக்கச் சொல்லும்வரை நின்றார். கூத்துக்காரர் என்று கேட்டதுமே மிதுனா மூச்சு விட்டுவிட்டாள்.

அவர் சிரித்தார்.

ஈரச் சாக்கொன்றைச் சீமெந்துத் தரையில் யாரோ இழுத்துவருவதுபோல் அது அடிவயிற்றில் தொடங்கியது. நெஞ்சுக்கு வந்து படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியிலும் நின்று, கீழே நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தது. உச்சிக்குப் போனதும் கையிலிருந்து தவறிய பீங்கானைப்போலச் சிதறியது. ஜாபிரின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. எங்கட பக்கத்தில் இந்தச் சிரிப்பு முதலில் வரும், அங்கிள் பிறகுதான் ஒழுங்கைக்குள் வருவார் என்று அவன் பெருமையோடு சொன்னான். வீட்டிலும் அவருக்கு இதே சிரிப்புத்தானாம். அவருடைய மனைவி றஞ்சிதம் அன்ரி அந்தச் சத்தம் கேட்டுத்தான் சோறு போடுவாராம்.

நல்லதொன்றைக் கண்டால் அதை இன்னும் பிழிந்துபார்க்காமல் மிதுனாவால் விடமுடியாது. இன்னொருக்கா என்றாள். கொஞ்சம் கீழே இருந்து. கோயில் சனத்துக்குச் சிரிக்கிறதுபோல் அல்ல, ஒழுங்காக. மனிதர் ஒவ்வொரு தரமும் தலையாட்டிவிட்டுச் சிரித்தார். மத்தியானமாகியும் விடவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடைசித் தடவையாக அது ஏறி வந்தது. ஏறி, உச்சியில் சிதறாமல், அவளுடைய காதுக்குள் இறங்கியது. கடலில் குளித்தெழும்பிய பிறகு காதில் நிற்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரைப்போல. அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுந்தரநாயகம் வாயைத் திறந்தபடி நின்றார். காற்று மட்டும் வந்தது. தொண்டையைத் தடவிப் பார்த்தார். போதும் என்றாள் மிதுனா.

சனிக்கிழமைச் சத்தத்துக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, ஜாபிர் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"மேடம், அந்த அங்கிளுக்கு அண்டைக்கு இங்க சிரிச்சதிலேருந்து சிரிப்பே வாரல்லயாம். பேத்தியிட பேர்த்டேக்கும் சும்மா பாத்துக்கிட்டே இருந்தாராம்."

"அதுக்கு நான் என்ன தொண்டை டொக்டரா?"

அவன் போய்விட்டான். அவளுடைய அடிவயிற்றில் ஏதோ ஒன்று மெதுவாக இழுபட்டது.

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். பதிந்ததை ஒருமுறை கேட்கலாமா என்று கேட்டார். ஜாபிர் அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். தன்னுடைய சிரிப்பைத் தானே கேட்டுக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து ஆளின் தொலைபேசிப் பேச்சைக் கேட்கிறவரைப்போல இருந்தார். பிறகு கழற்றி வைத்தார்.

"இதில ஒண்டும் இல்ல," என்றார். "வெறும் சத்தம்."

அப்படியே திரும்பி மிதுனாவைப் பார்த்தார். முகத்தை அல்ல. கழுத்தை.

"மகள், நீங்க ஒருக்கா சிரிச்சுக் காட்டுங்க."

மிதுனா எழும்பிக் கதவைத் திறந்துவிட்டாள். இப்படிப்பட்ட ஆட்களை உள்ளே விட்டால் இதுதான் நடக்கும் என்று அவர் படியிறங்கிப் போகும்போதே, அவருக்குக் கேட்கும்படி சொன்னாள். சொல்லி முடிக்கையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். உள்ளே இழுபட்டது நெஞ்சுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் தன் வாய்க்குக் காவல் இருக்கத் தொடங்கினாள். பகிடி ஆபத்தில்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. பகிடிக்கு அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. இகழ்ச்சிதான் அந்தச் சிரிப்புக்குச் சாப்பாடு. மரக்கறிக் கடையில் விலைப்பலகையின் எழுத்தைப் பார்த்ததும் ஈரச்சாக்கு அசைந்தது. சானல்காரன் ஒருவன் கூட்டத்தில் 'படைப்பாக்கம்' என்று மேதைபோலச் சொன்னபோது நெஞ்சுவரை ஏறி நின்றது. காய்ச்சல் என்று சொல்லி எழும்பி வந்தாள். தொண்டை வைத்தியர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவருடைய தலைமயிர் பொய்மயிர் என்று கண்டுகொண்ட கணமே, கைப்பையைக்கூடச் சரியாகப் பூட்டாமல் வெளியே ஓடினாள். யாரையும் மட்டமாக நினைக்காமல் இருக்க முயன்றாள். காலையில் எழும்பிக் கோப்பிக் கோப்பையைக் கையில் எடுக்கும்வரைதான் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் நினைவில் வந்தார்கள். வரிசையாக. எல்லோருமே மடையர்கள்.

ஒரு பின்னேரம் மழை பிடித்து மின்சாரம் போனது. கடல் பக்கத்திலேயே நின்று இரைந்தது. கஜீவன் மெழுகுதிரியைத் தேடிக் கதிரையில் கால் இடிபட்டு, "அம்மா" என்று சின்னப்பிள்ளைபோலக் கத்தினான்.

அது வந்துவிட்டது.

இருட்டுக்குள் முழுதாக வந்தது. இழுபட்டு, படியேறி, படிக்குப் படி நின்று பார்த்து, மேலே போய்ச் சிதறியது. மிதுனாவின் விலாவெலும்புகள் நொந்தன. சத்தம் ஓய்ந்ததும், மழைக்குள் கஜீவனின் மூச்சு மட்டும் கேட்டது. அவன் அவளிடம் வரவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, "மிதுனா, கதவைத் திறந்துகொண்டு ஓடு. உள்ளுக்கு ஆரோ நிக்கிறான்," என்றான்.

அன்றிலிருந்து அவன் அம்மா வீட்டில் படுத்தான். கோழை என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு, தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

சவுந்தரநாயகம் செத்துப்போனார் என்று ஜாபிர் சொன்னபோது, அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல். படுத்தவர் எழும்பவில்லையாம். உரியவர் போனால் இதுவும் போகத்தான் வேண்டும். பெட்டிக்குள் அவர் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று பட்டது. தானும் வருவதாக அவள் சொன்னதைக் கேட்டு ஜாபிரின் கண் கலங்கியது. மேடத்தின் மனசு அவனுக்கு இதுவரை தெரியாமல் போய்விட்டதாம். அதற்கும் உள்ளே அசைந்தது. காரில் ஏறி உதட்டை இறுக்கிக்கொண்டு, கோட்டை, புறக்கோட்டை, துறைமுகத்து எண்ணெய் மணம், கருவாட்டு மணம் எல்லாவற்றையும் மூடிய கண்ணோடு கடந்தாள்.

கொட்டாஞ்சேனையில் கோயில் மணி ஆறுமணிச் செபத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒழுங்கைக்குள் கார் போகாது என்று ஜாபிர் அவளை முனையில் இறக்கிவிட்டு, நிற்பாட்ட இடம் தேடிப் போனான். வெள்ளைக் கொடி கட்டியிருந்த வீட்டுக்குள் அவள் தனியாக நுழைந்தாள். மெழுகும் ரோசாவும் வியர்வையும் மணத்தன. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் இருந்தவள்தான் றஞ்சிதமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் அழ, அவள் மட்டும் யாரையோ எதிர்பார்த்திருப்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிதுனா எட்டிப் பார்த்தாள். அவர்தான். கோட் போட்டிருந்தார்கள். கையில் சிலுவை. வாய் மூடியிருந்தது. அடிவயிற்றைக் கவனித்தாள். அசைவில்லை. நிம்மதியாக மூச்சை விட்டாள்.

அப்போதுதான் பெட்டியில் சாய்த்திருந்த மலர்வளையத்தின் நாடா கண்ணில் பட்டது. பொன்னெழுத்தில், பெரிதாக, 'ஆள்ந்த அனுதாபங்கள்'.

ஆள்ந்த.

வாயைப் பொத்தினாள். பல்லைக் கடித்தாள். விரலைக் கடித்தாள். இழுபட்டது. நெஞ்சு. ஒரு படி. இன்னொரு படி.

செபம் நின்றது.

சவுந்தரநாயகத்தின் சிரிப்பு அந்த வீட்டுக் கூரையில் போய்ச் சிதறியது. எல்லோரும் திரும்பினார்கள். கத்துவார்கள், அடிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. கண்ணீரைத் துடைத்தார்கள். சின்னப் பெண்பிள்ளையொன்று சனத்தை விலக்கி ஓடிவந்து, "தாத்தா," என்று அவளுடைய தொடையைக் கட்டிக்கொண்டது.

றஞ்சிதம் எழும்பி வந்தாள். மிதுனாவின் கையைப் பிடித்தாள். உறுதியான, பழகிய பிடி.

"இவ்வளவு நேரமும் எங்க போனீங்க? சாப்பாடு ஆறிப் போச்சு."

மிதுனா கையை இழுத்தாள். விடவில்லை. குனிந்து பார்த்தாள். தன் விரல்கள்தான். தன் நகப்பூச்சுத்தான். நான் மிதுனா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சிரிப்பு வந்தது.

சனம் வழிவிட்டது. யாரோ முதுகில் தட்டினார்கள். பின்னறையில் மேசை. றஞ்சிதம் அவளைக் கதிரையில் இருத்தினாள். மூடியிருந்த சாப்பாட்டுப் பீங்கானைத் திறந்தாள். முந்தாநாள் சோறு. மீன்குழம்பின் புளித்த மணம். எறும்புகள். எதிரே திரைச்சீலை பாதி விலகியிருந்தது.

அந்த இடைவெளியில் ஜாபிர் வந்தான். செருப்பைக் கழற்றினான். பெண்கள் பக்கம் தேடினான். திரைச்சீலைக்குள்ளும் பார்த்தான்; அவளை நேராகவே பார்த்தான். அங்கிளைக் கண்டால் செய்வதுபோல மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கண்ணை எடுத்தான். செத்தவரின் மகள் ரொஷேலிடம் போய் ஏதோ கேட்டான். மேடம் என்ற சொல் மட்டும் மிதுனாவுக்குக் கேட்டது.

ரொஷேல் பெட்டியைக் காட்டினாள்.

ஜாபிர் போனான். குனிந்தான். அவனுடைய இரண்டு கையும் வாய்க்குப் போயின. "மேடம்," என்று பெட்டிக்குள் பார்த்து விம்மினான்.

"ஆ காட்டுங்க," என்றாள் றஞ்சிதம், சோற்றை உருட்டியபடி.

அங்கே ஆண்கள் பெட்டியின் மூடியைத் தூக்கிவந்தார்கள்.