படித்தேன் என்று நாற்பது பேர்

என் விலா எலும்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சமனி என்ற கருவி, நான்கு வயதிலிருந்து பதினாறு வயது வரை என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பார்த்து, வேண்டிய மருந்தை அதுவே விட்டுவிடும். பரீட்சைப் பயத்தில் ஏறினாலும் விடும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் மூன்றில் ஒருவருக்குச் சமனி உண்டு. என் வாப்பாவுக்கும் உண்டு. டீக்கடையில் ‘சர்க்கரை இல்லாம ஒண்ணு’ என்று கேட்கும் ஆளை நான் பார்த்ததே இல்லை.

சமனி எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. முன்பு கம்பெனிக் கருவிகள் இருந்தனவாம். உள்ளே என்ன நடக்கிறது என்று உடம்பில் போட்டிருப்பவருக்கே தெரியாதாம். சமனியை இயக்கும் நிரல் திறந்து கிடக்கிறது. தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பு என்றால் திருத்தம் எழுதி அனுப்பலாம். திருத்தம் உடம்புகளுக்குப் போகும் முன் நாற்பது வாசகர்கள் அதை வரிவரியாகப் படித்து, ‘படித்தேன்’ என்று கையொப்பம் போட வேண்டும். பொதுநெறி என்று இதற்குப் பெயர். பதினோரு லட்சம் பேர் இதை நம்பித்தான் தூங்குகிறோம்.

வாசகர்கள் போதவில்லை என்று சில வருடங்களுக்கு முன் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்கள். இருபது கையொப்பம் போட்டால் பிளஸ் டூவில் பத்து மதிப்பெண்.

நான் பதினெட்டு போட்டிருந்தேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. வெட்கம் பயமாக மாறியது பதினோராம் நோன்பன்றுதான். அன்று இரவு, பஸ் டெப்போவிலிருந்து திரும்பிய வாப்பா கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ‘திருத்தம் 4418, நாளை அதிகாலை சஹர் உணவு நேரம் முடியும்போது உங்கள் சமனிக்கு வருகிறது’ என்று ஓர் அறிவிப்பு. கீழே நாற்பது வாசகர்களின் பெயர்கள். முப்பத்தெட்டாவது பெயர் அஃப்ரா சேக் மதார். நான்தான்.

“டெப்போவுல எல்லாருக்கும் காட்டிட்டேன். எம்மவ படிச்சுப் பாத்து அனுப்புனதுன்னு” என்றார் வாப்பா. “அந்தோணி என்ன சொன்னான் தெரியுமா? அப்ப நமக்குப் பயமே இல்ல பாய்ன்னான்.”

“ரொம்பப் பெருசாச் சொல்லாதீங்க வாப்பா.”

“ஏன் சொல்லக் கூடாது? நாப்பது பேர்ல ஒருத்தி எம்மவ.”

அவர் தூங்கப் போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது பேரில் ஒருத்தி படிக்கவில்லை என்றால் என்ன, மீதி முப்பத்தொன்பது பேர் படித்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கையொப்பம் போடும்போதும் இதையேதான் சொல்லிக்கொண்டேன். அன்று சரியாக இருந்த கணக்கு இப்போது சரிப்படவில்லை. பத்தரை மணிக்குத் திருத்தத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

பாதி புரியவில்லை. மீதியைத் தேடித் தேடிப் படித்தேன். எழுதியவர் பெயர் மர்ஜானா, ஊர் கீழக்கரை. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் வெறும் வயிற்றில் விழுந்து சர்க்கரை குபீரென்று ஏறும், சமனி அதைப் பார்த்துப் பிறகு மருந்து விட்டால் தாமதம், அதனால் தலைசுற்றுகிறது. அதற்குத்தான் இந்தத் திருத்தம். நல்ல எண்ணம்தான். முந்நூற்று ஆறாவது வரியில் அது இப்படி இருந்தது: ‘நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே, அந்த வேளை உணவுக்கான முழு மருந்தையும் விடு.’

இதை எழுதியவர் நிச்சயம் நோன்பு வைக்கிறவர். பாங்கு சொல்லும் நொடியில் எல்லார் கையிலும் பழம் இருக்கும், ஒரு நிமிடம்கூட யாரும் தாமதிக்க மாட்டார்கள் என்பது நோன்பு வைக்கிறவர்களுக்குத்தான் அவ்வளவு உறுதியாகத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாப்பாவைத் தவிர.

வாப்பா திருநெல்வேலி - தூத்துக்குடி பேருந்து ஓட்டுகிறார். அந்தச் சாலையில் தானோட்டிப் பேருந்து மூன்று முறை விட்டுப் பார்த்துத் தோற்றுவிட்டார்கள்: முதலில் ஆடுகள், அடுத்து ஒரு கோயில் கொடை ஊர்வலம், மறுபடியும் ஆடுகள். அதனால் இன்னும் மனிதர்கள்தான். பாங்கு நேரத்தில் அவர் வல்லநாட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பார். ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது டெப்போ விதி. முகப்புக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தி நோன்பு திறக்க அவருக்கு இருபது நிமிடமாகும், சில நாள் அரை மணி.

பத்து நிமிடம் முன்பு முழு மருந்து. பிறகு அரை மணி நேரம் உணவு இல்லை. சர்க்கரை மடமடவென்று இறங்கும். கண் இருட்டும். பாலத்தின் மேல், ஐம்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு.

மணி ஒன்றேகால்.

கையொப்பத்தைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரும். அதில் எழுதுவது பொதுநெறிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும், அழிக்க முடியாது. பத்து மதிப்பெண் போகும். பள்ளியில் தெரியும். டெப்போவில் தெரியும். வாப்பாவை எழுப்பி, நாளைக்கு வண்டி எடுக்காதீங்க என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு மற்ற ஊர்களில் மற்ற வாப்பாக்கள் என்ன செய்வார்கள்?

எழுதினேன்: ‘நான் இதைப் படிக்காமல் கையொப்பமிட்டேன். இன்று இரவுதான் படித்தேன். 306-ஆவது வரி, பாங்கு நேரத்தில் சாப்பிட முடியாதவரைச் சாய்த்துவிடும். என் வாப்பா பேருந்து ஓட்டுநர்.’

அழுத்தியதும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மணி அடித்திருக்க வேண்டும். இரண்டாவது நிமிடம் இசக்கிப்ரியா கூப்பிட்டாள். என் வகுப்பு, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள்.

“கிறுக்கு புடிச்சிருக்காட்டி ஒனக்கு? இந்நேரத்துல யாராவது கையெழுத்த வாபஸ் வாங்குவாளா?”

“நீ படிச்சியா இசக்கி?”

“நான் எதுக்குட்டி படிக்க? நீ போட்டிருக்கன்னுதான் நான் போட்டேன்!”

“நீ எப்படியும் படிச்சிருவன்னு நெனச்சுத்தான் நான் போட்டேன்.”

அவள் 306-ஆவது வரியைத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். பிறகு, “எங்க மாமா அந்த பஸ்ஸுலதான் தெனம் வாராவ” என்றாள். அடுத்து அவளே கேட்டாள்: “காரணம்னு கேக்குதுல்ல, அதுல என்னட்டி எழுதணும்?”

அவளுக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. நான் மட்டும் என்றிருந்தது, நாங்கள் இருவர் என்றானது. மூன்று மணிக்குள் பதினேழு பேர். எல்லாக் கட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியர், ‘மாணவர்கள் படித்திருப்பார்கள் என்று நம்பினேன்’ என்று எழுதியிருந்தார்.

மூன்றரைக்கு மர்ஜானாவிடமிருந்து செய்தி வந்தது. திட்டத்தான் போகிறார் என்று பயந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன்.

‘தங்கச்சி, நன்றி. நாலு வருசமா நான் அனுப்புன எந்தத் திருத்தத்துக்கும் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. நான்தான் அவ்வளவு நல்லா எழுதுறேன்னு நெனச்சிட்டிருந்தேன். வாப்பாவுக்கு சலாம் சொல்லுங்க.’

இதைப் படித்துத்தான் அழுதேன்.

உம்மா சஹருக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தபோது 4418 நின்றுபோயிருந்தது. அத்தோடு முடியவில்லை. எங்களைப் பார்த்துப் பயந்துபோனவர்கள், தாங்கள் பழைய திருத்தங்களில் போட்ட கையொப்பங்களையும் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள். 4417 போனது. 4390 போனது. கையொப்பம் சந்தேகமானால், சந்தேகமில்லாத கடைசிப் பதிப்புக்குச் சமனி தானாகவே திரும்ப வேண்டும் என்பது பொதுநெறி விதி. அப்படித் திரும்பித் திரும்பி, மதியத்துக்குள் பத்தொன்பது வருடம் பின்னால் போய், மூன்றாம் பதிப்பில் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் எழுத ஒருவர், படிக்க ஒருவர், அவ்வளவுதான். எழுதியவர் தங்கபுஷ்பம். படித்தவர் கோ. வேலாயுதம். வேலாயுதம் கையொப்பம் மட்டும் போடவில்லை. ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். நாற்பத்தொரு குறிப்புகள். ‘இந்த வரி புரியவில்லை.’ ‘மூன்று தடவை படித்தேன், இன்னும் புரியவில்லை.’ ‘அவர் சாப்பிடப் போகிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அவரையே கேட்டுவிட்டால் என்ன?’ அதற்குக் கீழே தங்கபுஷ்பம், ‘சரி, கேட்கிறேன். உங்களோடு பெரிய தொல்லை’ என்று பதில் எழுதியிருந்தார்.

அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்தச் சண்டை நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. அந்தத் தொல்லைக்காக அவர்கள் இருவர் பெயரையும் சொல்லி அன்று துஆ செய்தேன்.

அன்று மாலை பாங்கு சொன்னபோது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். என் விலாவுக்குக் கீழே ஓர் அதிர்வு. கைபேசியில் பன்னிரண்டு வருடத்தில் முதல் கேள்வி: ‘இப்போது சாப்பிடப் போகிறீர்களா?’ ஆம் என்றேன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்க அவருகிட்டயும் இது கேட்டிருக்கும்லா?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டவும் பயந்தேன், ஆம் என்று ஆட்டவும் பயந்தேன்.

எட்டரைக்கு வாப்பா வந்தார். நடந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே திட்டிக்கொண்டு வந்தார்.

“என்னட்டி ஆச்சு இதுக்கு? பாலத்துல வச்சு சாப்பிடப் போறீங்களாங்குது. இல்லன்னு ஸ்டீயரிங் பொத்தான அமுக்குனேன். அஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடியும். நாலு தடவ! ஒங்க உம்மாகூட என்னைய நாலு தடவ கேட்டதில்ல.”

“கேக்காம விட்டாத்தான ஒமக்குக் கோவம் வரும்” என்றார் உம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டுக் கையொப்பத்தையும். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பத்து மார்க்குதான? போவுது” என்றார். மறுபடியும் கோப்பையை எடுத்துக்கொண்டார். மறுநாள் டெப்போவில், எம்மவதான் கண்டுபுடிச்சா என்று மறுபடியும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். மனிதரைத் திருத்த முடியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த நேரத்தில் விழித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

கேள்விக்குப் பதில் சொல்வது பதினோரு லட்சம் பேருக்கும் பிடிக்கவில்லை. தூக்கத்தில் எழுப்புகிறது, கூட்டத்தில் மானத்தை வாங்குகிறது, பழைய சமனி ஊமையாக இருந்தது எவ்வளவு நிம்மதி என்றார்கள். பத்தாவது நாள் ஒரு கோரிக்கை மனு வந்தது: ‘கேள்வி கேட்காத சமனி வேண்டும்.’ ஒன்பது பக்கம். நாளை நண்பகல் வரை கையெழுத்துப் போடலாம். இரண்டு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் பொதுநெறி மன்றம் ஏற்றாக வேண்டும். இப்போதே இரண்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரம்.

இப்போதெல்லாம் எதையும் படிக்காமல் விட எனக்குப் பயம். ஒன்பது பக்கத்தையும் படித்தேன். ஆறாம் பக்கத்தில், எல்லாத் திருத்தங்களையும் ‘4418 உட்பட’ உடனே மறுபடியும் அமலுக்குக் கொண்டுவர வேண்டும் என்றிருந்தது. ஏழாம் பக்கத்தில் இப்படி: ‘வாசகர்கள் யாரும் படிப்பதில்லை என்பதை மேலப்பாளையம் மாணவி அஃப்ராவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே வாசகர் கையொப்பம் என்ற முறையையே நீக்க வேண்டும்.’

கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலில் தேடினேன். சேக் மதார், ஓட்டுநர், திருநெல்வேலி.

வாப்பா பாயில் படுத்துக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாப்பா, இத நீங்க படிச்சீங்களா?”

“எது, மனுவா? அதுல ஒம் பேரு இருக்குன்னு அந்தோணி சொன்னான். எம்மவ பேரு இருக்குற தாள்ல நான் கையெழுத்துப் போடாம வேற எவன் போடுவான்?”

எனக்குக் கோபம் வரவில்லை. இவரை வைத்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது? பக்கத்தில் உட்கார்ந்தேன். “நான் வாசிக்கேன். முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, வேணும்னா வாபஸ் வாங்குங்க” என்றேன்.

“ஒம்போது பக்கமுமா?”

“ஒம்போதும்.”

“சரி, வாசி” என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாசித்தேன். முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் ‘ம்’ போட்டார். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன். மூன்றாம் பக்கத்தின் பாதியில் தலை தோளில் சாய்ந்துவிட்டது. காலை ஐந்தரையிலிருந்து வண்டி ஓட்டியவர்.

மணி இரண்டு. சஹருக்கு எழுப்பும்போது மீதி ஆறரைப் பக்கத்தையும் வாசித்துவிட வேண்டும். போர்வையை இழுத்து அவர் காலில் போட்டேன். இரண்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரில் அந்த மனுவை இவ்வளவு தூரம் படித்தவர் என் வாப்பா ஒருவராகத்தான் இருப்பார்.