ஹம்சாவுக்கு அழுகை வராது

“நீ இலையைத் தொடாதே ஹம்சா! எங்கம்மா உடம்பு கிடந்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, இப்ப படையல் வைக்க வந்துட்டியா!”

கோல் மார்க்கெட்டிலிருந்து காலையிலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய நாத்தனார் செல்வி, கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இன்று மாமியாரின் முதல் வருஷத் திதி. படுக்கையில் கிடந்தவளை ராவும் பகலும் பார்த்துக்கொண்டது ஹம்சாதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் துக்கத்தைக் கண்ணீர் வைத்துத்தான் எடை போடுவார்கள். சாவு வீட்டில் கட்டிக்கொண்டு அழ வந்த பெண்கள், சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஈரமில்லை. அன்றே அவள் மதிப்பு பாதி விலைக்கு வந்துவிட்டது.

கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல், தூக்கமில்லை. ‘நான் நிஜமாவே கல்நெஞ்சக்காரியோ’ என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். காலையில் எழுந்திருக்கவே பிடிப்பதில்லை.

“என்னங்க, நேத்து கண் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லுங்களேன்!”

கணவன் ரத்தினவேல் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான். “அது... டெல்லி தூசு, அக்கா...”

“தூசா?” ஹம்சாவின் பொறுமை போயே போய்விட்டது. “மனசுக்கும் வைத்தியம் பாக்கணும்னு சொன்னாங்களே, அந்த வெக்கத்துல மறைக்கிறீங்க! என்னைப் பைத்தியம்னுடுவாங்களாம்! அச்சா, கல்நெஞ்சுன்னு சொன்னா மட்டும் பரவாயில்லையா?”

செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது.

“அக்கா... இமைக்குள்ள காகிதப் பட்டை வெச்சுப் பாத்தாங்க. நனையவே இல்ல. கண்ணீர் சுரக்கறதே கம்மியாம். கண்ணு எரிஞ்சா மனசு சோருமாம். மனசு சோர்ந்தா எரிச்சல் இன்னும் பெருசாத் தெரியுமாம். அம்மா படுக்கையில இருந்தப்பவே எரியுதுன்னு சொன்னா... அம்மாவைத் தனியா விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டா.”

செல்வியின் கைப்பை நழுவியது. “அடிப்பாவி! வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

“கேட்டீங்களா அண்ணி? அழுதேனான்னு பாத்தீங்க. எப்படி இருக்கேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா...?”

செல்வி ஓவென்று அழுதபடி அவளைக் கட்டிக்கொண்டாள். “நீயே படையல் வைம்மா! அம்மாவுக்கு உன் கைதான் பழக்கம்... மனசு டாக்டர்கிட்ட எப்போ போகணும்?”

“செவ்வாக்கிழமை.”

“நான் வரேன். இவன் வந்தா, யாராவது பாத்துடுவாங்கன்னு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே நிப்பான்!”

ரத்தினவேல் தலைகுனிந்தான். ஹம்சா நாத்தனாரின் தோளில் சாய்ந்து, வறண்ட கண்களோடு குலுங்கிக் குலுங்கி அழுதாள். செல்வி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை.