அலரி இல்லாத வளவு

படத்துக்கு முன்னால் கிளாசில் அலரிப் பூ இருந்தது. சீதேவிப்பிள்ளை முதல்நாள் வைத்தது செவ்வரத்தை.

விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். செவ்வலரி, ஒரு கொத்து, நீளக் காம்போடு. செவ்வரத்தையை எங்கும் காணவில்லை. கதவில் கொண்டி போட்டது போட்டபடி இருந்தது. யன்னலும் அப்படித்தான். கதவோரம் உள்ளே படுத்திருந்த கறுவல் அவளைக் கண்டு சோம்பல் முறித்தது. தென்னோலை விழுந்தாலும் குரைக்கிற நாய். இரவு ஒரு சத்தமும் போடவில்லை.

வேலி சூழ்ந்த அந்த வளவில் அலரி இல்லை. போன மாரியில் ஆட்டுக்குட்டி வேலியோர அலரியைக் கடித்துவிட்டு, பொழுது படுமுன் வாய் நுரைத்து, காலை உதறி உதறிச் செத்துப்போனது. அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தாள். அலரியை வேரோடு தோண்டினாள். ஊமத்தை, எருக்கு, வாசலில் அழகுக்கு நின்ற குரோட்டன், கார்த்திகைக் கொடியின் கிழங்கு எல்லாம் போயின. கறுவலுக்கு எதையும் சப்பிப் பார்க்கிற புத்தி. பூக் கிளாசுத் தண்ணீரைக்கூட விடாது. அது சப்பினாலும் சாகாத செடியாகப் பார்த்து மிச்சம் வைத்தாள். செவ்வரத்தை நின்றது. மல்லிகை நின்றது. வேலி மொட்டையாகிப் போனதில் அவளுக்குக் கவலையில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆமிச் சுற்றிவளைப்பில் புருசன் இராசதுரையை லொறியில் ஏற்றியபோது கறுவல் பின்னால் ஓடியது. அடுத்தநாள் நொண்டிக்கொண்டு தனியே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளோடு மூச்சுவிடுகிற உயிர் அது ஒன்றுதான். இருட்டில் ஆள் வந்தால் முதலில் சொல்லப்போவதும் அதுதான்.

படம் அவர்களுடைய கலியாணப் படம். இராசதுரையின் தனிப்படம் ஒன்றும் வீட்டில் இல்லை. அடையாள அட்டை அவரோடேயே போயிற்று. காணாமல் போனவருக்கு மாலை போட்டால், செத்துவிட்டார் என்று பெண்சாதியே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஆகவே மாலை இல்லை, விளக்கும் இல்லை. கிளாசில் தண்ணீர், அதில் ஒரு பூ. இது மாலையில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அலரியைக் கொண்டுபோய்க் கக்கூசுக் குழிக்குள் போட்டாள். கிளாசை மண் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் மறுபடி செவ்வரத்தை வைத்தாள்.

கிணற்றடியில் பக்கத்து வளவுக் கண்ணகை நின்றாள்.

“அக்கா, உங்கட வளவில அலரி நிக்கிதா?”

“எங்க நிக்கிது? உன்ர நாய் சப்பிப்போடும் எண்டு நீதானேகா வந்து அதையும் தோண்டினாய்.” கண்ணகை வாளியை இறக்கிக்கொண்டே சிரித்தாள். “சாமிக்குப் பாத்துப் பூ வெக்கிறவளைக் கண்டிரிக்கன். நாய்க்குப் பாத்துப் பூ வெக்கிறவள் ஊரில நீ ஒருத்திதான் புள்ள.”

“ஆரோ கிளாசில அலரி வெச்சிரிக்காங்க.”

சிரிப்பு நின்றது. “பூட்டின வீட்டுக்குள்ளயா?”

“ஓம்.”

கண்ணகை கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். “தெற்கால ரெண்டு ஊர் தள்ளி, முதல்ல நாயெல்லாம் செத்திச்சாம். சோத்தில அலரிவிதை அரைச்சு வெச்சாங்களாம். மறுகாதான் ஆக்கள் வந்து கதவைத் தட்டினதாம். ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியா.”

“அவங்க உள்ளுக்கு வந்து பூ வெப்பாங்களா அக்கா?”

“அதுதான் எனக்கும் விளங்கல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் படத்துக்கு முன்னால ஒண்டும் வெக்காத எண்டு எத்தினை தரம் சொன்னன். அதில நீயும்தானே நிக்கிறாய்.”

அடுத்த விடியலிலும் அலரி. இந்தமுறை தண்ணீர் பாதிதான் இருந்தது.

கறுவல் சோற்றை மணந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவள் உப்பைக் கரைத்து, அதன் வாயைப் பிளந்து ஊற்றினாள். மஞ்சளாகக் கக்கியது. மறுபடி ஊற்றினாள். மத்தியானம் திரும்பிய பிறகு அது தட்டுத்தடுமாறி எழுந்து அவள் கையை நக்கியது. அவள் தரையில் இருந்து அழுதாள்.

அப்போதுதான் அந்தப் பூவைச் சரியாகப் பார்த்தாள். கத்தியால் வெட்டியதில்லை. முறித்ததுமில்லை. காம்பின் நுனியில் பிறைபோல ஒரு நகத்தடம். அம்மன் கோயிலுக்குப் பூப் பறிக்கும்போது இராசதுரை பெருவிரல் நகத்தால்தான் கிள்ளுவார். கத்தி பட்டால் செடிக்கு நோகும் என்பார். பூவை மூக்கருகே கொண்டுபோனாள். பூவாசம் இல்லை. வாவிச் சேற்றின் வாடை. சதுப்பில் நிற்கிற கண்ணாப் பற்றைக்குள் நெடுநாள் ஊறிக் கிடந்த ஏதோ ஒன்றின் வாடை.

கண்ணகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “இண்டைக்கு நாயையும் கூட்டிக்கு எங்கட வீட்டில வந்து படு.”

“இல்லக்கா.”

“என்னத்துக்குகா இந்தப் பிடிவாதம்?”

அவள் கறுவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வந்து பார்த்து, வீட்டில் ஆளில்லை என்று அவர் திரும்பிப் போய்விட்டால்?

பொழுது சாய முன்னமே கதவைப் பூட்டினாள். கிளாசைக் கவிழ்த்து வைத்தாள். பூ வைக்கவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கை போயிற்று, மனம் வரவில்லை. மாட்டுக் கயிற்றின் ஒரு முனையைக் கறுவலின் கழுத்திலும் மறுமுனையைத் தன் கணுக்காலிலும் கட்டிக்கொண்டு பாயில் இருந்தாள். மண்ணெண்ணெய் இல்லாமல் குப்பி விளக்கு சிணுங்கி அணைந்தது. நெருப்புப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊரடங்கு தொடங்கியதும் றோட்டுச் சந்தடி ஓய்ந்து, ஒரு பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்க மறுபக்கம் வாவி அசையாமல் கிடக்க, இரண்டுக்கும் நடுவில் ஊர் நாய்கள் மட்டும் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக் குரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. குரைக்கிறவரைக்கும் ஊர் விழித்திருக்கிறது என்று நினைத்தாள். பிறகு தெற்கே, கோயில் பக்கமிருந்த நாய் நடுவில் அறுந்ததுபோல் நின்றது. அடுத்து பள்ளிக்கூடத்தடி நாய். அடுத்து ஒழுங்கை முகப்பில் ஒன்று. ஒவ்வொன்றாக, அவள் வீட்டை நோக்கி, யாரோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு வருவதுபோல.

கண்ணகை வீட்டு நாய் முனகியது. அதுவும் நின்றது.

சேற்று வாடை.

கறுவல் தலையைத் தூக்கியது. கயிறு அசைந்ததில் அவளுக்குத் தெரிந்தது.

“கறுவல்,” என்றாள் மெதுவாக. “குரைடா.”

குரைக்கவில்லை. சீமெந்துத் தரையில் வால் அடித்தது. தப். தப். தப். இராசதுரை வேலைவிட்டு வந்து படலையில் கைவைக்கும்போது மட்டும் அது அப்படி வாலடிக்கும். லொறி போன நாளுக்குப் பிறகு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

“நீங்களா?”

கொண்டி அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

நாய் எழுந்தது. கயிறு அவள் காலை இழுத்தது, படம் இருந்த பக்கமாக. பிறகு நாக்கின் சத்தம். தண்ணீர் நக்குகிற சத்தம். ஆசையாக. அவசரமில்லாமல்.

கிளாசைக் கவிழ்த்துத்தானே வைத்தாள்.

“குடிக்காதடா!”

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதலில் திமிறியது. பிறகு திமிறவில்லை. கனத்து, தரையில் உரசி, இழுபட்டு வந்தது.

குச்சியைக் கிழித்தாள். முறிந்தது. இன்னொன்று.

கறுவல் விறைத்துக் கிடந்தது. வாயில் நுரை. கண் திறந்தபடி. கால்கள் ஆட்டுக்குட்டியின் கால்களைப் போல நீட்டியபடி. தொட்டாள். குளிர்ந்துவிட்டது.

வால் அடித்துக்கொண்டிருந்தது.

தப். தப்.

அதன் கண் போன பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினாள். கிளாசு நிமிர்ந்து நின்றது. அதற்கு மேலே, படத்தில், மாலை. செவ்வலரி மாலை. வாழைநாரில் கட்டியது. ஒவ்வொரு காம்பிலும் நகப்பிறை. நுனியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

ஒரே மாலை. இரண்டு கழுத்துக்கும் சேர்த்து.

குச்சி விரலைச் சுட்டு அணைந்தது.

இருட்டில் தன் கழுத்தைத் தொட்டாள். நனைந்திருந்தது.